இங்கிருந்து பார்த்தால் வேகம்தான்

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். முறைப்படி பார்த்தால் அப்படிக் கூப்பிடும் உரிமை ஒரே ஒருவனுக்குத்தான் உண்டு. அவள் வீட்டுக்காரரின் தம்பி. அவளே மேனேஜரிடம் நச்சரித்து வேலை வாங்கிக் கொடுத்தவன். அவன் முதல் நாள் காலையில் நடுக்கூடத்தில் நின்று, "அண்ணி, பாத்ரூம் எங்க?" என்று தொண்டை கிழியக் கேட்டான். அன்று மாலைக்குள் பக்கத்து மேசைக்காரி அண்ணி என்றாள், வாசல் காவலாளி அண்ணி என்றார். அவளைவிடப் பத்து வயது மூத்த மேனேஜரும் ஒருநாள் வாய் தவறி அண்ணி என்றுவிட்டு, அதைத் திருத்திக்கொள்ளவே இல்லை.

மெத்தைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. இணையதளங்களுக்கு இடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் தொழில். பல் டாக்டர், வாடகைக் கார் ஓட்டுபவர், பாட்டு டீச்சர் என்று யார் யாரோ நடத்தும் சைட்டுகள் எல்லாம் பின்னறைக் கண்ணாடிக் கதவுக்குள் இரைந்துகொண்டிருக்கும் சர்வர்களில் குடியிருந்தன. முன்கூடத்தில் ஆறு பேர் உட்கார்ந்து புகார்களுக்குப் பதில் எழுதுவார்கள். புகாரில் முக்கால்வாசி ஒரே புகார்தான். சைட் ஸ்லோ.

அதற்கென்று அங்கே ஒரு நடைமுறை இருந்தது. முதல் பதில்: "வருந்துகிறோம். பிரவுசரில் சேர்ந்திருக்கும் பழையதை அழித்துவிட்டுப் பாருங்கள்." இரண்டாவது: "வருந்துகிறோம். உங்கள் மோடத்தை அணைத்துவிட்டுப் போடுங்கள்." மூன்றாவது: "வருந்துகிறோம். வேறு ஒரு இணைப்பில் பார்த்துச் சொல்லுங்கள்." இதற்குள் பாதிப் பேர் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். மிஞ்சியவர்களுக்கு நான்காவது பதில். அதை எழுதுமுன் தன் கம்ப்யூட்டரில் அந்த சைட்டைத் திறந்து பார்க்க வேண்டும். படாரென்று திறக்கும். "சோதித்துப் பார்த்தோம். எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது." திறந்தே பார்க்காமல் இதை எழுதுகிறவர்களும் அந்தக் கூடத்தில் உண்டு. யார் என்று சொல்லி நாம் ஏன் பொல்லாப்பு தேடிக்கொள்ள வேண்டும்? அண்ணி அந்த ரகமில்லை. அவள் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். வந்த வினையே அந்த நல்ல பழக்கத்தால்தான்.

கொழுந்தன் பின்னறைக்காரன். கேபிள் இழுப்பது, பெட்டி மாற்றுவது, தூசு தட்டுவது. அவனுக்கு ஆபீசில் பெயர் பிளக்கு. சேர்ந்த மூன்றாம் மாதம், தன் போனுக்குச் சார்ஜ் போட இடமில்லை என்று சுவரில் ஒரு பிளக்கைப் பிடுங்கினான். நாற்பது கடைகளின் சைட்டுகள் இருபது நிமிடம் இருட்டில் கிடந்தன. அதனால் சம்பவப் படிவத்தில், 'காரணம்' என்ற கட்டத்தில், அவன் பெயர் ஏறியது. ஒரு வருஷத்துக்குள் இரண்டு தடவை ஏறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதுதான் கம்பெனியின் சட்டம். இதற்கு முன் ஐந்து இடத்தில் வேலை பார்த்து எதிலும் ஒரு பருவம்கூடத் தாங்காதவன் அவன். இங்கே ஒன்பது மாதம் ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் சின்னவன்தான் இன்டர்நெட்டையே பாத்துக்கறான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணி. பக்கத்து மேசைக்காரி நாற்காலியோடு உருண்டு வந்தாள்.

"என்ன அண்ணி, உங்க நொடிக்காரர்கிட்டேருந்து லவ் லெட்டர் வந்தாச்சா?"

"வந்தாச்சு. இன்னைக்கு நாப்பத்தொண்ணாம்."

நொடிக்காரர் என்பவர் ஓட்டப் பந்தயங்களில் கோட்டோரம் நின்று ஸ்டாப்வாட்ச் பிடித்து முப்பது வருஷம் நேரம் குறித்த மனிதர். ரிட்டயரானபின் ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் ஒன்றை இணையத்தில் நடத்தினார். எந்த வகை, எந்தப் பகுதி என்று தட்டினால், கொடுக்கத் தயாராக இருப்பவர்களின் போன் நம்பர் வரும். அவர் புகார் கடிதத்தில் திட்டு இருக்காது, ஆச்சரியக்குறிகூட இருக்காது. 'காலை 9.12: 41 நொடி. 9.30: 39 நொடி. மாலை 6.05: 43 நொடி. தயவுசெய்து கவனிக்கவும்.' பத்து நாளில் பதினான்கு கடிதம். பதினான்குக்கும் அண்ணி சோதித்துப் பார்த்தே பதில் போட்டிருந்தாள்.

"அந்த மனுஷனுக்கு வீட்ல வேற வேலை இல்லையா? குக்கர் விசிலைக்கூட நொடி கணக்குல எண்ணுவாரு போல" என்றாள் மேசைக்காரி.

"எனக்கு ரெண்டு செகண்ட்ல திறக்குது. இங்க பாரேன்" என்று அண்ணி தன் போனை எடுத்தாள்.

அன்று காலைதான் ஆபீஸ் வைஃபையின் பாஸ்வேர்டை மாற்றியிருந்தார்கள். அவள் போனில் புதியதை இன்னும் போடவில்லை. போன் வெளி உலகத்து இணைப்பில் இருந்தது. அது அவளுக்கு அந்த நேரத்தில் ஞாபகமில்லை.

திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மேசைக்காரிக்கு அதற்குள் போன் வந்து எழுந்து போய்விட்டாள். அண்ணி மட்டும் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு, தன்னை அறியாமல் உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தாள். நாற்பது வந்ததும் பக்கம் திறந்தது.

ஏசி குளிரில் அவள் முதுகில் ஒரு கோடு வேர்வை இறங்கியது. ஏனென்றால் எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது.

பத்து நாளைக்கு முன் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். நொடிக்காரரின் முதல் புகார். 'வழக்கமாக 2 நொடி, இன்று 5.' மற்றவர்களானால் மோடத்தை அணைக்கச் சொல்லியிருப்பார்கள். அண்ணிக்கு, மெதுவான இணைப்பில் இருக்கும் ஒருவருக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரியும் என்று பார்க்கத் தோன்றியது. ஒரு சைட்டின் வேகத்தை மட்டும் குழாயைத் திருகுகிற மாதிரிக் குறைத்துவைக்க ஒரு வசதி உண்டு. திருகினாள். திறந்து பார்த்தாள். படாரென்று திறந்தது. சரி, திருகல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். மேனேஜர் கூப்பிட்டார், எழுந்து போனாள், மறந்தும் போனாள்.

பிடிக்காமல் இல்லை. நன்றாகவே பிடித்திருந்தது. அந்தத் திருகல், சொந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் செல்லாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அண்ணியே சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. உலகம் முழுக்க நாற்பது நொடி, இந்த ஒரு கூடத்தில் மட்டும் இரண்டு நொடி. பத்து நாளும் அவள் சோதித்ததெல்லாம் இந்தக் கூடத்திலிருந்துதான்.

விரல் நடுங்க அந்தத் திருகலை எடுத்துவிட்டாள். மணி பதினொன்று நாற்பத்தொன்று. போட்டவர் யார், எடுத்தவர் யார், எந்த நிமிடம் என்று பதிவேட்டில் தானாக விழும். அழிக்க முடியாது. யாராவது தேடிப் பார்த்தால் மட்டுமே தெரியும். யார் பார்க்கப் போகிறார்கள்? சரியாகிவிட்டது, அவ்வளவுதான், தானாகவே அடங்கிவிடும் என்று நெஞ்சுக்குச் சொன்னாள். நெஞ்சு கேட்டால்தானே?

பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். மேசையில் சம்பவப் படிவம்.

"அண்ணி, உங்க நொடிக்காரர் மூணு மணிக்கு நேர்ல வராராம். போன் பண்ணி ரொம்ப மரியாதையா சொன்னாரு. மரியாதையா பேசறவங்களைக் கண்டாதான் எனக்குப் பயம். அதுக்குள்ள காரணம்னு ஒண்ணு எழுதி வைக்கணும்."

எழுதித்தான் வைத்திருந்தார், பென்சிலில். 'கேபிள் மாற்றியதில் கவனக்குறைவு.' பக்கத்தில் கொழுந்தனின் பெயர்.

"அந்த வியாழக்கிழமை சாயங்காலம்தான் இவன் பின்னாடி கேபிள் மாத்தியிருக்கான். அன்னைக்கேதான் ஆரம்பிச்சிருக்கு. உங்க சொந்தம்னு எனக்கும் சங்கடம்தான். என்ன பண்றது?"

"கேபிள்னாலதான்னு உறுதியா தெரியுமா சார்?"

"வேற என்ன? அன்னைக்கு வேற யாரும் எதையும் தொடலையே."

"தொட்டிருந்தா?"

"தொட்டிருந்தா பதிவுல பேர் இருக்குமே. எடுத்துப் பாக்கச் சொல்லட்டா?"

"வேண்டாம் சார்."

பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது. மேனேஜர் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார். பாசத்தில் பதறுகிறாள் என்று நினைத்திருப்பார். அவருக்கு எப்போதும் மனிதர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம். நம்மைப்போல இல்லை.

அவள் வெளியே வந்து தன் மேசையில் உட்கார்ந்தாள். கவனக்குறைவு என்றால் படிவத்தில் பெயர் ஒரு தடவை ஏறுவதோடு போகும். அவள் பெயர் இதுவரை ஏறியதே இல்லை. ஆனால் தானே திருகி வைத்துவிட்டு, 'எங்கள் பக்கம் எல்லாம் சரி' என்று பதினான்கு தடவை எழுதியதற்குப் பெயர் கவனக்குறைவா? பொய்யான பதில் என்பார்கள். அதற்கு இரண்டாவது வாய்ப்பெல்லாம் கிடையாது. போன வருஷம் இப்படித்தான் ஒருத்தியை மத்தியானமே பையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் தண்ணீர் பாட்டில்கூட இன்னும் ஜன்னலோரம் கிடக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் கொழுந்தன் எதிரே வந்து உட்கார்ந்தான். டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

"அண்ணி, மேனேஜர் சொல்லிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"மூணு மணிக்கு அந்த ஆள் முன்னாடி மன்னிப்புக் கேக்கணுமாம். அப்புறம் கணக்கு முடிச்சிடுவாங்களாம்." அவன் டப்பா மூடியைத் திருகித் திருகி விளையாடினான். "நான் சரியாதான் சொருகினேன் அண்ணி. மூணு தடவை இழுத்துப் பாத்தேன். ஆனா என்னை நானே எப்படி நம்பறது, சொல்லுங்க? ஏற்கெனவே பிடுங்கினவன்தானே நான்."

 இப்போது சொல்லிவிடலாம். எதிரே இருப்பவன் தம்பி மாதிரி, திட்டினாலும் நாலு திட்டோடு போகும். வாயைத் திறந்தாள். "சாப்பிடு, ஆறிடும்" என்றாள்.

"அம்மாகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க அண்ணி. எனக்குத் தைரியமில்ல."

மூன்று மணிக்கு ஒரு நொடி முன்னே பின்னே இல்லாமல் நொடிக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர், இஸ்திரி கலையாத சட்டை, கையில் கோடு போட்ட நோட்டு. மேனேஜர் அறையில் நால்வர். அண்ணி கதவோரம் நின்றாள். ஓடுவதற்கு வசதியாக என்று பார்த்தவர்கள் சொல்லலாம், நாம் சொல்லவில்லை. கொழுந்தன் சுவரோடு ஒட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டோம் சார். இந்தப் பையன்தான்..." என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்." நொடிக்காரர் நோட்டைப் பிரித்தார். "நான் சண்டை போட வரல. காலையில பதினொண்ணு வரைக்கும் நாப்பது. பதினொண்ணு நாப்பத்திரண்டுக்கு எதேச்சையா பாத்தேன், ரெண்டு. மறுபடியும் பாத்தேன், ரெண்டு. அப்படியே உக்காந்துட்டேன் சார். பத்து நாளா பட்டியலை அச்சடிச்சு மடியில வெச்சுக்கிட்டு போன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். வரவங்களுக்கு நம்பரை வாயால படிச்சுச் சொல்லிட்டிருக்கேன். குளிக்கறதுக்குக்கூட ஓட்டமா போய் ஓட்டமா வரேன். அதான், சரி பண்ணவங்களைப் பாத்து நன்றி சொல்லலாம்னு வந்தேன். யாரு அது?"

 இது மேனேஜருக்கே செய்தி. கேபிளை யாரும் இன்று தொடவில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் கொழுந்தன் அவர் அறையில்தான் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

"எங்க டீம்ல..." என்று இழுத்தார்.

"அண்ணியாதான் சார் இருக்கும்" என்றான் கொழுந்தன் சுவரோரத்திலிருந்து. வேலை போகப்போகிறவன் முகத்தில் ஒரு பெருமை. "உங்க ரூமைவிட்டு வெளிய வந்து பாக்கறேன், ஏசியில அவங்களுக்கு வேர்த்து ஊத்துது. கை எல்லாம் நடுங்குது. ஏதோ பெரிய வேலை பாத்திருக்காங்க. எங்க அண்ணி அப்படித்தான் சார், செஞ்சதை வெளிய சொல்லிக்க மாட்டாங்க."

நொடிக்காரர் எழுந்து நின்று கைகூப்பினார்.

"ரொம்ப நன்றிம்மா. என்ன பண்ணீங்க? தெரிஞ்சுக்கலாம்னுதான்."

திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். பதில் எழுதியே பழக்கம். கூப்பிய கைக்கு எந்தப் பதிலை எழுதுவது? ஏதோ ஒரு பட்டனைச் சொல்லி, ஏதோ ஒரு பெட்டியைச் சொல்லி, நன்றியை வாங்கிக்கொள்ளலாம். யாருக்குப் புரியப் போகிறது? சுவரோரம் அவன் சிரித்துக்கொண்டு நின்றான், முட்டாள்.

"போட்டதை எடுத்தேன் சார்" என்றாள்.

"புரியலைம்மா."

"நான்தான் போட்டேன். உங்க சைட்டோட வேகத்தை நான்தான் குறைச்சேன், சோதிச்சுப் பாக்கறதுக்காக. எடுக்க மறந்துட்டேன். இங்கேருந்து பாத்தா வேகமாதான் தெரியும். அதனால சரியா இருக்குன்னு உங்களுக்கு எழுதிட்டே இருந்தேன். கேபிள் இல்ல சார். இவன் இல்ல. நான்."

 மேனேஜரின் முகம் வெளுத்தது. 'எல்லாம் சரி' என்று வாராவாரம் மேலிடத்துக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர் அவரல்லவா!

நொடிக்காரர் உட்கார்ந்தார். நோட்டைப் பார்த்தார். "ஆரம்பம் வியாழக்கிழமை நாலு இருபதா?"

"ஆமா சார்."

"பத்து நாள், பத்தொம்போது மணி, இருபத்திரண்டு நிமிஷம்" என்றார். கோபம் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

கொழுந்தனின் சிரிப்பு எப்போது போனது என்று அவள் பார்க்கவில்லை. "சாப்பிடும்போதே சொல்லியிருக்கலாம்ல அண்ணி?" என்றான் மெதுவாக. "மூணு மணி நேரம் என்னை நானே திருடன் மாதிரி பாத்துக்கிட்டு நின்னேன்."

மேனேஜர் ரப்பரை எடுத்துப் பென்சில் பெயரைத் தேய்த்தார். பேனாவால் அவள் பெயரை எழுதினார். "பதினாலு பதிலையும் மேலிடத்துக்கு அனுப்பித்தான் ஆகணும் அண்ணி. நாளைக்கு என்ன வருதோ, என் கையில இல்ல." படிவத்தை அவசரமாக மடிக்கப் போனார்.

"இருங்க" என்றார் நொடிக்காரர். விரல் அடுத்த கட்டத்தில் நின்றது. 'பாதிப்பு: ஏதுமில்லை.' "இதை யார் எண்ணினது?"

"சார், அது வழக்கமா எழுதறது..."

"பக்கம் திறந்தா எத்தனை நொடின்னுதான் என்னால அளக்க முடியும். திறக்கறதுக்கு முன்னாடியே எத்தனை பேர் விட்டுட்டுப் போனாங்கன்னு உங்களாலதான் பாக்க முடியும். பாத்துச் சொல்லுங்கம்மா."

மேனேஜர் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். அவள் அவருடைய கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து பதிவைத் திறந்தாள்.  அறுபத்து மூன்று பேர் பாதியில் போயிருந்தார்கள். பெரும்பாலும் ஒரு தடவை வந்து, பிறகு மறுபடி வந்து, பொறுத்திருந்து பார்த்திருக்கிறார்கள். கீழே போகப் போக, சனிக்கிழமையில் ஒரே இடத்திலிருந்து ஒன்பது வரிகள். மத்தியானம் இரண்டு பத்து. இரண்டு பதினொன்று. இரண்டு பன்னிரண்டு... ஒவ்வொரு தடவையும் முப்பது நொடிக்குள் மூடி, மறுபடி திறந்திருக்கிறார்கள். இரண்டு இருபத்திரண்டோடு நின்றுவிட்டது.

வாய்விட்டுப் படித்தாள். நொடிக்காரர் நோட்டில் பக்கம் புரட்டினார்.

"சனிக்கிழமை ரெண்டு இருபத்தாறு. ஒரு போன். ஓ நெகட்டிவ். ஆம்பளை, அழுதுட்டே பேசினார். மூணு நம்பர் படிச்சுச் சொன்னேன்."

"கிடைச்சுதா சார்?"

"கேக்கறதுக்குள்ள வெச்சுட்டார்." நோட்டை அவள் பக்கம் திருப்பினார். நேரத்துக்குப் பக்கத்தில் போன் நம்பர் இருந்தது. "எனக்கும் ரெண்டு நாளா கூப்பிட்டுக் கேக்கத் தைரியம் வரல."

யாரும் அவளைக் கூப்பிடச் சொல்லவில்லை. மேனேஜரின் மேசைப் போனை இழுத்துத் தானே அழுத்தினாள். ஒரு நம்பரைத் தப்பாக அழுத்தி, மறுபடி முதலிலிருந்து அழுத்தினாள். மணி அடித்தது. நின்றுவிடக் கூடாதா என்றும் எடுத்துவிட மாட்டார்களா என்றும் மாறி மாறி நினைத்தாள். ஏழாவது மணியில் ஒரு பெண் குரல், அறை முழுக்கக் கேட்கிற மாதிரி.

"யாரு?"

"ரத்தம் குடுக்கறவங்க பட்டியல் இருக்குல்ல, அங்கேருந்து பேசறேங்க. சனிக்கிழமை கூப்பிட்டிருந்தீங்க..."

"என் வீட்டுக்காரர் கூப்பிட்டிருப்பாரு. இப்பதான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்து படுத்தாரு. என்ன வேணும்?"

"ரத்தம் கிடைச்சுதுங்களா?"

"கிடைச்சுதும்மா. ரெண்டாவது நம்பர் எடுத்தாங்க. நேத்துதான் பொண்ணு கண்ணு முழிச்சா." அண்ணியின் கண்ணில் நீர் முட்டியது. நொடிக்காரர் நிறுத்தி வைத்திருந்த மூச்சை விட்டார். அந்தப் பெண் நிறுத்தவில்லை. "இன்னும் கொஞ்சம் முன்னாடி கிடைச்சிருந்தா இவ்வளவு மோசமாயிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. அது ஏம்மா அந்தப் பக்கம் திறக்கவே மாட்டேங்குது? இவரு வெறி புடிச்சு போனைச் சுவத்துல அடிச்சு ஒடைச்சிட்டாரு. அப்புறம் என் போன்லேருந்து யாரையோ கேட்டு, நம்பர் வாங்கித்தான் சாரைக் கூப்பிட்டாரு. என்ன ஆச்சு உங்க பக்கம்?"

மேனேஜர் இரண்டு கையையும் ஆட்டி, சொல்லாதே, சொல்லாதே என்றார். கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தாங்க அதை மெதுவாக்கி வெச்சிருந்தேன்" என்றாள் அண்ணி. "தெரியாம. பத்து நாளா."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு பாத்திரம் வைக்கிற சத்தம். பிறகு அந்தப் பெண், ரொம்ப மெதுவாக, "கொஞ்சம் இரு. அவரை எழுப்பறேன்" என்றாள்.

நொடிக்காரர் நோட்டை மூடினார். அண்ணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்த வீட்டுக்குள் யாரோ கதவைத் தட்டுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.